பள்ளிவாசலின் உள்ளே பார்த்தவர்: ஓவியர் உஸ்மான் ஹம்தி பே

மதரஸா ஆண்டு விழாக்களில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கும் வழக்கம் நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் வந்துவிட்டது. பி.ஏ. பட்டத்தைத் தமிழில் கலைப் பட்டம் என்று எழுதுவதால் நமக்கு ஓவியக் கலையும் தெரியும் என்று நினைத்து, நடுவர் நாற்காலியில் நம்மை உட்கார வைத்துவிடுகிறார்கள். பள்ளிவாசலை வரையச் சொன்னால் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே காட்சிதான் இருக்கும். பச்சைக் குவிமாடம், இரண்டு மினாரா, உச்சியில் பிறை, ஓரத்தில் ஒரு பேரீச்ச மரம். அந்தப் பிள்ளைகள் ஓதுவதும் தொழுவதும் பள்ளிவாசலுக்கு உள்ளே. ஆனால் உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் வரைவதில்லை.

காரணம் உண்டு. உட்புறத்தை வரைவது கடினம். கடைசி ஸஃப்பில் நின்று மிஹ்ராபைப் பாருங்கள். தரை விரிப்பில் ஸஃப் கோடுகள் சம இடைவெளியில்தான் போடப்பட்டிருக்கின்றன. ஆனால் நம் கண்ணுக்கு முன்னே போகப் போக அவை நெருங்கிக்கொண்டே போகின்றன. ஒரே அளவுள்ள தூண்கள் குட்டையாகின்றன. விரிப்பின் ஓரக் கோடு மேலே ஏறுகிறது. உத்தரத்தில் தொங்கும் மின்விசிறிகளின் வரிசையோ கீழே இறங்குகிறது. நேராக உள்நோக்கி ஓடும் எல்லாக் கோடுகளும் நம் கண் மட்டத்தில் ஒரே ஒரு புள்ளியை நோக்கிப் போகின்றன. அந்தப் புள்ளியைப் பிடித்துவிட்டால் ஒரு தட்டையான துணியின் மேல் முழுக் கூடத்தையும் நிறுத்திவிடலாம். பிடிக்காவிட்டால் தூண்கள் சாய்ந்து தரை சரிந்து போகும்.

அடுத்தது வெளிச்சம். நம் ஊரில் கிப்லா மேற்கு. அதனால் காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னால் கிழக்கு வாசல் வழியாக வந்து, விரிப்பின் மேல் மிஹ்ராபை நோக்கி நீளும். இஷ்ராக் நேரத்தில் இதைக் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். துருக்கியில் கிப்லா ஏறக்குறையத் தெற்கு. அங்கே வெயில் பெரும்பாலும் மிஹ்ராப் பக்கத்துச் சன்னல்களிலிருந்து தொழுபவரின் முகத்துக்கு நேராக வரும். ஒரே வகைக் கட்டடமானாலும் வெளிச்சம் வரும் திசை மாறினால் அறையின் குணமே மாறிவிடுகிறது.

இந்த வேலையை எண்ணெய் வண்ணத்தில் மிக நுட்பமாகச் செய்து காட்டிய முஸ்லிம் ஓவியர் ஒருவர் உண்டு. துருக்கியில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர் அது. நம் தமிழ் வீடுகளில் அதிகம் பேசப்படாத பெயர்: உஸ்மான் ஹம்தி பே.

அவரிடம் போகுமுன் ஒருவரை நினைத்துக்கொள்வது நல்லது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழைய கிரேக்கக் கருத்தை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று சோதனைகளால் விளக்கினார். அவருடைய கிதாபுல் மனாழிர் லத்தீன் மொழிக்கும், பிறகு இத்தாலிய மொழிக்கும் போனது. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர்கள் தூரக்காட்சி விதிகளை வகுத்தபோது அவர்கள் கையிலிருந்த ஒளியியல் அறிவில் பெரும்பங்கு அவர் வழியாக வந்தது. ஆனால் அந்த அறிவைக் கொண்டு ஓவியம் தீட்டும் பழக்கம் நம் நாடுகளில் வளரவில்லை. உஸ்மானிய, முகலாயச் சிற்றோவியர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரு மாளிகையின் முற்றம், மாடி, உள்ளறை மூன்றையும் ஒரே தாளில் காட்டுவது அவர்கள் நோக்கம். அதைத் திறமைக் குறைவு என்று சொல்பவர்கள் அந்தத் தாள்களைச் சரியாகப் பார்க்காதவர்கள் என்பது நம் எண்ணம். தூரக்காட்சி வரைபடம் உஸ்மானிய நாட்டில் முதலில் நுழைந்தது ராணுவப் பள்ளிகள் வழியாக. கோட்டையையும் பாலத்தையும் வரையக் கற்ற அதிகாரிகளில் சிலர்தான் அங்கே எண்ணெய் வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளையும் முதலில் வரைந்தவர்கள்.

உஸ்மான் ஹம்தி 1842 டிசம்பர் 30 அன்று இஸ்தான்புல்லில் பிறந்தார். அவருடைய அத்தாவின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இப்ராஹீம் அத்ஹம் பாஷா ஏஜியன் கடலிலுள்ள கியோஸ் தீவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1822-ல் உஸ்மானியப் படைகள் அத்தீவில் நடத்திய படுகொலைக்குப் பின் சிறு குழந்தையாக அடிமைச் சந்தைக்கு வந்தார். ஹுஸ்ரவ் பாஷா என்ற பெரிய அதிகாரி அவரை வாங்கித் தன் வீட்டில் வளர்த்து, பாரிஸுக்கு அனுப்பிச் சுரங்கப் பொறியியல் படிக்க வைத்தார். அடிமையாக வந்த அந்தக் குழந்தை 1877-ல் உஸ்மானியப் பேரரசின் பிரதம வஸீராக உயர்ந்தது. 1873-ல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக உஸ்மானியக் கட்டடக் கலையை அளவெடுத்து வரைந்து பெரிய நூலாக வெளியிடச் செய்தவரும் அவரே. பள்ளிவாசல்களின் தூண், வளைவு, ஓடு எல்லாம் அதில் வரைபடங்களாக இடம் பெற்றன. கட்டடத்தை உற்றுப் பார்க்கும் கண் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்தது.

1860-ல் மகனைச் சட்டம் படிக்கப் பாரிஸுக்கு அனுப்பினார் பாஷா. மகனின் மனம் ஓவியக் கூடங்களுக்குப் போய்விட்டது. குஸ்தாவ் பூலாஞ்சே என்ற ஓவியரிடம் பயின்றார். அக்காலத்தில் கீழை நாட்டுக் காட்சிகளுக்குப் பெயர்பெற்றிருந்த ஜெரோமின் பாணியும் அவர் கையில் ஒட்டிக்கொண்டது. 1867-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய மூன்று ஓவியங்கள் வைக்கப்பட்டன. மகனைச் சட்டம் படிக்க அனுப்பிய தகப்பனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை, பிள்ளையை ஒரு படிப்புக்கு அனுப்பி வேறொரு படிப்போடு திரும்பப் பெற்ற நம் வீட்டு அத்தாமார்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் அரசுப் பணி. 1869-ல் மித்ஹத் பாஷாவோடு பக்தாத் போனார். பிறகு அரண்மனையில், வெளியுறவுத் துறையில், வியன்னா கண்காட்சி நிர்வாகத்தில் எனப் பல பொறுப்புகள். 1881-ல் இஸ்தான்புல் அரசு அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். அடுத்த ஆண்டு ஓவியம், சிற்பம், கட்டடக் கலை கற்பிக்கும் நுண்கலைப் பள்ளிக்கும் தலைவரானார். 1883-ல் வகுப்புகள் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய மிமார் ஸினான் நுண்கலைப் பல்கலைக்கழகம். பகலெல்லாம் கோப்புகள், கிடைத்த நேரத்தில் தூரிகை என்பதே அவர் வாழ்க்கை.

இனி அவருடைய அறைகளைப் பார்ப்போம்.

அவர் அடிக்கடி தீட்டிய இடங்களில் ஒன்று புர்ஸா நகரத்துப் பச்சைப் பள்ளிவாசல். சுல்தான் முதலாம் முஹம்மது காலத்தில் எழுந்து, 1424-ல் அலங்கார வேலை முடிந்த கட்டடம். உட்சுவரில் பச்சையும் நீலமுமான மெருகு ஓடுகள் பதித்திருக்கும். 1855 நிலநடுக்கத்தில் சேதமடைந்து பிறகு பழுது பார்க்கப்பட்டது. மெருகு ஓட்டை வரைவது ஓவியனுக்குச் சோதனை. அது நிறத்தையும் காட்டும், சன்னலின் வெளிச்சத்தையும் திருப்பி அடிக்கும். எண்ணெய் வண்ணம் இதற்கு ஏற்றது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெதுவாகக் காயும். அடியில் இருண்ட பூச்சு, அது காய்ந்தபின் அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு, கடைசியில் ஒளி விழும் இடத்தில் மட்டும் கெட்டியான வெள்ளைப் புள்ளி என்று அடுக்கடுக்காகப் போகலாம். ஓட்டுக்குள்ளிருந்து ஒளி வருவது போன்ற ஆழம் அப்போதுதான் கிடைக்கும்.

ஹம்தியின் வேலை முறையும் இன்று தெளிவாகத் தெரியவந்துள்ளது. புகைப்படம் எடுப்பார். அதன்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிதாக்கிக் கேன்வாஸில் கோடு இழுப்பார். படத்தில் வரும் ஆலிம், ஹாஃபிழ், முதியவர் பலருக்கும் மாதிரி அவரேதான். பழைய அங்கியும் தலைப்பாகையும் அணிந்து தன்னையே புகைப்படம் எடுத்துக்கொண்டு வரைந்தார். ஓவியத்தில் உள்ள அறையில் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வரும். அது விழும் இடத்தில் ஓட்டின் பூவேலையை ஒவ்வொன்றாக எண்ணலாம். விலகிய இடத்தில் சுவர் இருளுக்குள் போய்விடும். சுவரிலுள்ள அரபு எழுத்துகளை அழகுக் கோடுகளாக மட்டும் இழுத்துவிட்டுப் போன ஐரோப்பிய ஓவியர்கள் உண்டு. ஹம்தி வரைந்தால் எழுத்தை வாசிக்க முடியும். வாசிக்கத் தெரிந்தவர் வரைந்தது அல்லவா!

1906-ல் அவர் தீட்டிய ஆமைப் பயிற்சியாளர் ஓவியம் உலகப் புகழ் பெற்றது. பச்சைப் பள்ளிவாசலின் மேல்மாடி அறை. தரையை ஒட்டிய சன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது. சிவப்பு அங்கி அணிந்த முதியவர் கையில் புல்லாங்குழலைப் பின்னால் பிடித்தபடி குனிந்து நிற்கிறார். காலடியில் ஐந்து ஆமைகள் கீரை தின்கின்றன. இந்தக் காட்சிக்கான எண்ணம், பிரெஞ்சுப் பயண இதழ் ஒன்றில் 1869-ல் வந்த ஜப்பானியப் படத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது. அசையாத சமுதாயத்தை அசைக்கப் பாடுபட்டுக் களைத்த சீர்திருத்தவாதி அவர் என்று துருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். மதரஸாவில் பாடம் நடத்திய எவருக்கும் அந்த முதியவரின் முதுகைப் பார்த்தாலே விளக்கம் தேவைப்படாது. நம் கண் போன இடம் வேறு. அறையின் சுவரில் காரை உதிர்ந்திருக்கிறது, ஓடுகள் பெயர்ந்திருக்கின்றன. பெருமைக்குரிய பள்ளிவாசலின் சிதைவையும் அவர் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு இதே காட்சியை இன்னொரு முறை வரைந்தார். 1906-ன் ஓவியம் 2004-ல் 50 லட்சம் துருக்கி லிராவுக்கு ஏலம் போய், இன்று இஸ்தான்புல்லின் பேரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே வாசகர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். உருவம் வரைந்தவரை ஓர் ஆலிம் பாராட்டலாமா? உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது கூடாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. நம் பகுதி மக்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபும் அதுவே. நிழல் விழும் சிலைக்கும் தட்டையான படத்துக்கும் மாலிகி அறிஞர்கள் சிலர் வேறுபாடு கண்டார்கள். படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரைந்துகொள்ளும்படி அவர்கள் வழி காட்டியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஆக, தூணும் வளைவும் வெளிச்சமும் உள்ள காலியான கூடத்தை வரைவதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. கலீஃபா வலீத் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய திமிஷ்க் பெரிய பள்ளிவாசலின் சுவரில் கண்ணாடித் துண்டுகளால் ஆன காட்சிகள் இன்றும் உள்ளன. மாளிகைகள், மரங்கள், ஓடும் ஆறு. மனிதனோ விலங்கோ ஒன்றுகூட இல்லை. வரையும் ஆசையுள்ள பிள்ளையை அதட்டி நோட்டைப் பிடுங்கும் பெற்றோருக்கு இந்தச் செய்தி பயன்படும் என்று நினைக்கிறோம்.

ஹம்தி அந்த எல்லைக்குள் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1901-ல் அவர் தீட்டிய மிஹ்ராப் என்ற ஓவியத்தில் ஒரு பெண் மிஹ்ராபுக்கு முதுகு காட்டி, வேதம் வைக்கும் ரஹ்லின் மேல் அமர்ந்திருக்கிறாள். காலடியில் நூல்கள் இறைந்து கிடக்கின்றன. பெண்ணின் மதிப்பை உயர்த்தச் சொன்னது என்று சிலரும், ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்தது என்று சிலரும் எழுதியுள்ளனர். நோக்கம் எதுவானாலும் அந்த ஓவியம் நமக்கு வலிக்கிறது. மிஹ்ராபின் ஓட்டு வேலையை அவ்வளவு அன்போடு தீட்டிய கை, அதே படத்தில் அதன் கண்ணியத்தை மறந்துவிட்டது.

ஆனால் அவர் பெயரை நாம் எடுத்ததற்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. அவர் வரைந்த பொருள்கள் அவர் கண் முன்னாலேயே களவு போய்க்கொண்டிருந்தன. ஓடு, விளக்கு, விரிப்பு, ரஹ்ல் என்று பள்ளிவாசல்களிலிருந்து ஐரோப்பியச் சந்தைக்குப் போயின. 1874-ன் சட்டம் தோண்டி எடுத்தவருக்கே மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தது. ஹம்தி 1884-ல் புதிய சட்டம் கொண்டுவரச் செய்தார். நிலத்துக்கடியில் கிடைக்கும் பழம்பொருள் எல்லாம் அரசுக்குச் சொந்தம், நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்றது அது. நம் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1876-ல் ஜெர்மானியரான யாகோர் ஆதிச்சநல்லூரைத் தோண்டிப் பழம்பொருள்களை பெர்லினுக்குக் கொண்டு போனார். இந்தியாவில் பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வந்தது 1947-ல்தான்.

1887-ல் லெபனானின் ஸைதா நகரில் நிலத்தடிக் கல்லறைகள் கிடைத்தபோது ஹம்தி தாமே போய் இறங்கினார். அலெக்ஸாண்டர் பெயரால் வழங்கும் பளிங்குப் பேழை உட்படப் பலவற்றைக் கப்பலேற்றி இஸ்தான்புல் கொண்டு வந்தார். வைக்க இடம் போதாமல் புதிய கட்டடம் எழுந்து, 1891-ல் திறக்கப்பட்டது. அவர் எப்போதும் வெல்லவில்லை. அவர் பதவியில் இருந்த காலத்திலேயே சுல்தான் இரண்டாம் ஸலீமின் அடக்கத்தலத்துச் சுவரிலிருந்த ஓட்டுப் பலகை ஒன்றை, பழுது பார்ப்பதாகச் சொன்ன பிரெஞ்சுக்காரர் கழற்றிப் போய்விட்டார். அங்கே இன்று இருப்பது போலி, அசல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜோர்தானின் முஷத்தா உமையா மாளிகையின் செதுக்குச் சுவரை 1903-ல் சுல்தான் அப்துல் ஹமீது ஜெர்மன் பேரரசருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தபோதும் ஹம்தியின் எதிர்ப்பு எடுபடவில்லை.

அங்கே வெளியார் கழற்றிப் போனார்கள். நம் பள்ளத்தாக்கில் நாமே கழற்றிப் போடுகிறோம். ஜமாஅத் பெருகுகிறது, இடம் போதவில்லை, கட்டடம் ஒழுகுகிறது. பள்ளியை விரிவாக்க வேண்டியதுதான், அதில் மறுப்பில்லை. நமக்குத் தெரிந்த ஒரு பழைய பள்ளியில் சுண்ணாம்புச் சாந்து பூசிய வளைவுகளும் கல்தூண்களும் இருந்தன. ஒரு ரமளானுக்கும் அடுத்த ரமளானுக்கும் இடையே எல்லாம் போய் வழுவழுப்பான டைல்ஸ் வந்தது. பழைய உட்புறத்தின் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டு அலைந்தோம். நிக்காஹ் ஆல்பங்களில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் அரைத்தூண் தெரிந்தது, அவ்வளவுதான். எத்தனை தூண் என்று பெரியவர்களிடம் கேட்டால் ஒருவர் பன்னிரண்டு என்கிறார், இன்னொருவர் பதினாறு என்கிறார்.

கடப்பாரை விழுவதற்கு முன் ஒரு நாள் போதும். கடைசி ஸஃப்பின் நடுவில் கண் மட்டத்தில் கேமராவை வைத்து, விளக்குகளை அணைத்து, காலை வெயிலில் ஒரு படம். பிறகு நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று. தூண்களின் இடைவெளியை அளந்து ஒரு தாளில் குறித்து வைத்தால், வரையத் தெரிந்த பிள்ளை பின்னாளில் அந்தக் கூடத்தைக் கேன்வாஸில் திரும்பக் கட்டிவிடும். முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுடைய அத்தாமார்கள் இந்தப் பெயர்களையும் விசாரித்து வைக்கலாம்.

உஸ்மான் ஹம்தி கடைசி வரை அருங்காட்சியக இயக்குநராகவே இருந்தார். கோடையில் இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே கெப்ஸே அருகில் எஸ்கிஹிஸார் என்ற கடற்கரை ஊரில் தங்கி வரைவார். 1910 பிப்ரவரி 24 அன்று இறந்தார். அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் தங்கிய வீடு இப்போது அருங்காட்சியகம். பள்ளிவாசல்களிலும் வக்ஃப் கட்டடங்களிலும் இருந்த விரிப்புகளையும் விளக்குகளையும் காக்க இஸ்தான்புல்லில் தனி அருங்காட்சியகம் திறந்தது அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1914-ல்.

1880-ல் அவர் வரைந்த நூல் வாசிக்கும் இளம்பெண் ஓவியம் 2019-ல் லண்டனில் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. வாங்கியது கோலாலம்பூரில் உள்ள மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். தேசியப் பள்ளிவாசலிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். மலேசியாவில் உறவினர் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் ஜும்ஆ முடிந்து அங்கே ஒரு மணி நேரம் செலவிடலாம்.